ஓடத் தேவையில்லை

குரியாத்தில் ஓர் ஆட்டுப்பட்டியிலிருந்து
பிக்கப்பில் படுத்துக்கொண்டு வந்தது.
சீட்டை ஆடுகள் தின்றிருந்தன,
ஸ்பிரிங் மட்டும் ருசிக்கவில்லை போல.
டாங்கைக் கவிழ்த்தேன்:
மணல், ஒரு பேரீச்சங்கொட்டை,
காய்ந்த குளவிக்கூடு.
பெட்ரோல் வாசனை
வாடகை பாக்கிக்காரன் மாதிரி
எங்கோ ஓரத்தில் பதுங்கியிருந்தது.

"ஓடத் தேவையில்லை" என்றார் நாஸர்.
"அல் குவைரில் காபிக்கடை திறக்கிறேன்.
கண்ணாடிக்குப் பின்னால் நிற்கணும், மின்னணும்.
அவ்வளவுதான் மாசிலா."
பெயின்ட், குரோம், புது சீட்டு: நூற்றிருபது ரியால்.
சரி என்றேன்.
சொன்னது வாய்.
கால் அதற்குள் கிக்கரை மிதித்துப் பார்த்திருந்தது.
கல்.

ஜூலையில் வாதி கபீரில்
பன்னிரண்டரைக்கு மேல் காக்கைகூட நடுரோட்டில் நிற்காது.
மூன்றரை வரை வெயிலில் வேலை கூடாதென்று சட்டம்.
ஆட்கள் ஏசி அறையில் கால்மேல் கால் போட்டு உறங்க,
நான் ஷெட்டுக்குள், பிளக் துளை வழியாக,
டீசலும் கியர் ஆயிலும் பாதிக்குப் பாதி.
ஒரு நாளைக்கு ஒரு மூடி.
பன்னிரண்டாம் நாள்
டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை ஆட்டினேன்.
மயிரிழை நகர்ந்தது.
யாரிடமும் சொல்லவில்லை.

பன்னிரண்டு நுழையாது, பதின்மூன்று வழுக்கும்.
இங்கிலீஷ்காரன் நட்டுக்கு அளவே தனி.
லேத் ஷாதாத் தன் கட்டிலுக்கடியிலிருந்து
கோணிச்சுருள் ஒன்றை இழுத்தான்,
விட்வொர்த் ஸ்பானர் ஆறு.
"இதையெல்லாம் எதற்கு வைத்திருக்கிறாய்?"
"ஒருத்தன் கேட்பான்னுதான்."
பலூச்சி சிரித்தால் மீசை மட்டும் நகரும்.

டாங்குக்குள் வினிகரும் ஒரு பிடி போல்ட்டும் போட்டு
மடியில் வைத்துக் குலுக்கினேன், இரண்டு சாயங்காலம்.
கார்புரேட்டர் கண்ணை
கிளட்ச் வயரின் ஓர் இழையால் குத்தித் திறந்தேன்.
மேக்னெட்டோவை ரூவியில்
மின்விசிறி சுற்றும் சசாங்கனிடம் கொடுத்தேன்.
"எந்த ஊர் ஃபேன் இது?"
சொன்னேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.
காசு வாங்கவில்லை.

ஏழாவது மிதியில் திருப்பி அடித்தது.
முழங்காலுக்குக் கீழே நாவல்பழ நிறம்.
தரையில் உட்கார்ந்து சிரித்தேன்,
அடிக்கிற அளவுக்குத் தெம்பிருக்கிறதே.
பதினாலாவது மிதியில்
ஷெட்டுத் தகரம் முழுக்க அதிர்ந்தது,
உறங்கியவர்கள் லுங்கியோடு ஓடி வந்தார்கள்,
ஷாதாத் ஒருவன்தான்
சத்தத்துக்குக் காது கொடுத்தபடி
"டைமிங் கொஞ்சம் முன்னால்" என்றான்.

வியாழன் ராத்திரி.
நம்பர் இல்லை, முல்கியா இல்லை,
விளக்குக்குப் பதில் ஹாண்டிலில் கட்டிய டார்ச்.
பிரேக், பாதி நம்பிக்கை, மீதி செருப்பு.
ஆமராத் ஏற்றத்தில் மூன்றாம் கியர் திணறியது.
இரண்டுக்கு இறக்கியதும்
ஓர் இருமல், அப்புறம் தட் தட் தட்,
மலை அதை ஒவ்வொன்றாக எண்ணித் திருப்பிக் கொடுத்தது.
உச்சியில் நிறுத்தவில்லை.
நிறுத்தினால் மறுபடி கிளம்புமா என்ற பயம்.
திரும்பி வரும்போது போலீஸ் ஜீப் ஒன்று எதிரே போனது.
அவர் டார்ச்சைப் பார்த்தார்.
நான் ரோட்டைப் பார்த்தேன்.

நாஸர் குரோமில் தன் முகம் பார்த்துத் தலைமுடி ஒதுக்கினார்.
"எல்லாம் வடித்துவிட்டாயல்லவா?"
"வடித்துவிட்டேன்."
பெட்ரோலை வடித்தேன்.
ஆயிலை இல்லை.

இப்போது சிவப்புக் கயிற்றுக்குள் நிற்கிறது.
நுரைக்கோப்பையோடு பிள்ளைகள் படமெடுக்கிறார்கள்.
ஞாயிறு தவறாமல் மேனேஜர் ரோவெனா போன் செய்கிறாள்:
"உன் வண்டி என் மார்பிளில் சொட்டுகிறது."
அட்டையும் துணியும் எடுத்துக்கொண்டு
கடை திறக்குமுன் போகிறேன்.
துடைக்கிறேன். புது அட்டை வைக்கிறேன்.
அவள் உள்ளே பால் காய்ச்சப் போனதும்
கிக்கரை உள்ளங்கையால் மெதுவாக அமுக்குகிறேன்,
பாதி வரை.
அங்கே பிஸ்டன் என் கையை எதிர்த்துத் தள்ளுகிறது.
கொஞ்ச நேரம் இருவரும் அப்படியே இருக்கிறோம்.
பிறகு விட்டுவிடுகிறேன்.